பாலத்துக்குப் பொருத்தமில்லை

“ஆபீஸ் படி ஏறும்போது ரெண்டு சாமானை வாசல்லயே விட்டுடணும்டா” என்பார் பெரியப்பா. ஒன்று குடை. இன்னொன்று என்னவென்று ஆய்வாளருக்கு மறந்துவிட்டது. பதினெட்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவருக்கு இவ்வளவாவது நினைவிருந்ததே பெரிய விஷயம்.

கையில் முந்நூறு பக்க ஆய்வேடு. ஊரின் பெரிய பாலத்தில் விழுந்திருக்கும் விரிசல்களைப் பற்றி, நல்ல ஆங்கிலத்தில். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் பட்டம். பட்டம் வந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

குறுக்கே நின்றது, பல்கலைக்கழகத்தின் பெயர்ச்சொல் இணைப்புச் சான்றளிப்புப் பிரிவு. ஆங்கில ஆய்வேடுகளில் எந்தப் பெயர்ச்சொல் எதனுடன் சேரலாம் என்பதில் ஒழுங்கு நிலவும் பொருட்டு, மாட்சிமை பொருந்திய குழு ஒன்று நானூற்றுப் பன்னிரண்டு ஜோடிகளை அங்கீகரித்திருந்தது. ‘டேட்டா அனாலிசிஸ்’ உண்டு. ‘ரிசர்ச் மெத்தட்’ உண்டு. பட்டியலுக்கு வெளியே ஒரு ஜோடி தென்பட்டாலும் முத்திரை விழாது. அதன் கண்காணிப்பாளரை எல்லோரும் கல்யாணத் தரகர் என்றே அழைத்தார்கள், அவர் இல்லாதபோது.

தரகர் பென்சிலால் தலைப்பைத் தட்டினார். “‘பிரிட்ஜ் கிராக்’னு போட்டிருக்கீங்க. பொருத்தமில்லையே சார்.”

“பாலத்துல விரிசல் இருக்கு சார்.”

“பாலத்துல இருக்கலாம். பட்டியல்ல இல்ல. பிரிட்ஜுக்கு மூணே வரன்தான். டிசைன், டிராஃபிக், ஓப்பனிங்.”

“உலகம் பூரா இப்படித்தான் எழுதறாங்க!”

“அப்ப உலகத்தைக் கூட்டிட்டு வாங்க. கவுண்டர் மூணரைக்கு மூடிடும்.”

“புது ஜோடி சேர்க்க வழியே இல்லையா?”

“ஏன் இல்லாம? நாங்க ஏத்துக்கிட்ட மூணு ஆய்வேட்டுல அந்த ஜோடி வந்திருக்கணும். உடனே சேர்த்துடுவோம்.”

“பட்டியல்ல இல்லாத ஜோடி வந்தா ஆய்வேட்டையே ஏத்துக்க மாட்டீங்களே?”

“மாட்டோம்” என்றார் தரகர் பெருமையாக. “அதான் பட்டியல் இவ்வளவு சுத்தமா இருக்கு.”

பிறகு அவரே மனமிரங்கி மாற்று சொன்னார். விரிசலுக்கு ‘சர்ஃபேஸ் ஃபீச்சர்’. அபாய அளவு கூடாது, ‘சேஃப்டி லெவல்’ உண்டு. பாலம் இடிவதற்கு ‘ஃபியூச்சர் டெவலப்மென்ட்’.

“இடியறது வளர்ச்சியா சார்?”

“எதிர்காலத்துல நடக்குதா இல்லையா?”

இரண்டு நாளில் அறுநூற்று நாற்பது இடங்கள் திருத்தப்பட்டன. வியாழனன்று புதிய பிரதியைப் படித்த வழிகாட்டிப் பேராசிரியர் நெகிழ்ந்துபோனார். “இப்பத்தான்யா படிக்க நிறைவா இருக்கு. முத்திரை விழட்டும், நானே பாலத்துறைக்கு அனுப்பிடறேன். கனரக லாரிகளை விடறதுக்கு இப்படி ஒரு ஆதாரத்துக்குத்தான் காத்துட்டிருக்காங்க.”

வெள்ளிக்கிழமை. ஆய்வாளர் பையில் பழைய பிரதியும் இருந்தது, புதியதும் இருந்தது. தரகர் முத்திரையை மையில் ஒற்றி, குரலைத் தாழ்த்தினார்.

“கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. விரிசல் நிஜந்தானே?”

“உள்ளங்கை நுழையும் சார்.”

“எனக்கும் அப்படித்தான் பட்டுது. ஆறு மாசமா சுத்து வழியிலதான் வர்றேன். குழுத் தலைவரும் என்கூடத்தான் வர்றார்.” முத்திரை காற்றில் நின்றது. “எதைக் குடுக்கறீங்க?”

மணி மூன்று இருபத்தைந்து. ஆய்வாளர் புதியதை நீட்டினார். வெளியே வந்து மனைவியை ஃபோனில் கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகளைச் சுற்று வழிப் பேருந்தில் அனுப்புவது என்று முடிவு செய்தார்.