தூள் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கும்?

கல்லூரியில் படித்த ஒன்று வேலையில் நிஜமாகவே தேவைப்படும் நாள் அபூர்வமாகத்தான் வரும். வந்துவிட்டால் மனிதனுக்குத் தலைகால் புரியாது. எனக்கு அது என் தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று வந்து தொலைத்தது.

அப்போது நான் வீரபாண்டியில், சாயப்பட்டறைகளுக்கான கெமிக்கல் தூள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். எங்களிடம் ஸ்பிரே டிரையர் ஒன்று இருந்தது. இரண்டு மாடி உயரத்தில் ஓர் எஃகுக் கூம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கரைசலைப் பனித்துளிபோல் தெளிப்போம். சூடான காற்று பட்டு, கீழே வருவதற்குள் வெள்ளைத் தூளாகிவிடும். கொஞ்ச நாளாக அந்த வெள்ளைக்கு நடுவே கருகிய துகள்கள் வந்தன.

"தூள் உள்ள எவ்வளவு நேரமுங்க இருக்குது?" என்று முதலாளி கேட்டார்.

"சில விநாடிதானுங்க சார்." கூம்பின் கொள்ளளவைக் காற்றின் ஓட்டத்தால் வகுத்தால் அவ்வளவுதான் வரும்.

"அப்புறம் எப்படீங்க கருகுது?"

அளந்தே காட்டிவிடுகிறேன் என்றேன். (லீவு போடச் சொல்லி அம்மா கெஞ்சியிருந்தார். காலையில் மட்டும் போய் வருகிறேன் என்று கிளம்பிய புத்திசாலி நான்.)

முறை எளிது. ஓடும் கரைசலில் கொஞ்சம் நீலச் சாயம் ஊற்ற வேண்டும். கீழே வரும் தூளை அவ்வப்போது எடுத்துத் தண்ணீரில் போட்டால், நீலம் எப்போது வந்தது, எப்போது நின்றது என்று தெரிந்துவிடும். நான் சொன்னபடியே உடனே வந்தது. பெருமை தாங்கவில்லை. ஆனால் நிற்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன், வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தேன், அப்போதும் லேசாக வந்தது. பெரும்பாலான துகள்கள் விநாடிகளில் போய்விட, சில சுவரில் ஒட்டிக்கொண்டு, வெந்து கருகி, மனம் வந்தபோது உதிர்கின்றன. காற்றுக்குப் போட்ட கணக்கை நான் தூளுக்கும் சொல்லியிருக்கிறேன்!

அதைக் கண்ணால் பார்க்காமல் விட மனமில்லை. டிரையரை நிறுத்தி, ஆறவிட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து தலையை நீட்டி, சுவரை ரப்பர் சுத்தியலால் தட்டினேன். சுவரில் இருந்ததெல்லாம் என்மேல் சரிந்தது.

அந்தத் தூள் காய்ந்திருக்கும்போது வெள்ளைதான். ஈரம் பட்டால்தான் நீலம். காலையிலிருந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? ஆனால் அம்மா போனில், "எங்கடா இருக்கற? மாப்பிள்ள ஊட்டுக்காரங்க கெளம்பீட்டாங்களாம்!" என்று அலறியதும் எல்லாம் மறந்துபோனது. உதறிவிட்டேன். பவுடர் பூசியதுபோல் பார்க்க நன்றாகக்கூட இருந்தது. பட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஏசி போட்ட வாடகைக் காரில், ஒரு பொட்டு வியர்வை இல்லாமல் பெருமாநல்லூர் மண்டபத்தில் போய் இறங்கினேன்.

வாசலிலேயே பன்னீர்ச் செம்பைக் கையில் திணித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, கரை வேட்டியும் புது வெள்ளைச் சட்டையுமாக வந்தார். "வாங்க மாமா" என்று தோளோடு அணைத்து போட்டோவுக்கு நின்றேன். பிறகு தாராளமாகப் பன்னீர் தெளித்தேன். அவர் தோளில் நீலப் புள்ளிகள் பூத்தன. பதறிப்போய்த் துடைத்தேன். புள்ளிகள் கோடுகளாயின. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"அண்ணா, உன்ற மூஞ்சியப் பாரு!" என்று தங்கை கத்தினாள். நெற்றியிலிருந்து காலர்வரை நீலம் வழிந்துகொண்டிருந்தது.

"நல்ல காரியத்துல என்னங்க இது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. தங்கைக்குக் கண் கலங்கியது. அவளே பார்த்துப் பழகி, இரண்டு வீட்டையும் பாடுபட்டுச் சம்மதிக்க வைத்த கல்யாணம் அது.

எதையாவது சொல்லியாக வேண்டும். நான் பாடம் நடத்தினேன். கூம்பு, சூடான காற்று, சுவர், எல்லாம். "முக்கால்வாசி உடனே வெளிய வந்துருமுங்க மாமா. ஒட்டிக்கிட்டதுதான் எப்ப வரும்னு சொல்ல முடியாதுங்க."

அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். தோளைத் தடவிப் பார்த்தார். "அது சரீங்க தம்பி, என்ற சட்டைல எவ்வளவு நேரமுங்க இருக்கும்?"

முதலில் மாப்பிள்ளை சிரித்தார். அப்புறம் அவர் அம்மா. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நிச்சயம் நடந்தது. ஆல்பத்தில் நான் கடைசி வரிசையில், ஒரு துண்டுக்குப் பின்னால் இருக்கிறேன்.

சுவரைத் தட்டிக்கொண்டே இருக்க ஓர் ஏற்பாடு செய்தபின் தூள் கருகுவது குறைந்தது. யாராவது சராசரிக் கணக்கு ஒன்றைச் சொன்னால், அதற்குள் அடங்காமல் எது எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று யோசிக்கும் பழக்கமும் எனக்கு வந்துவிட்டது.

மாமா அந்தச் சட்டையைத் தூக்கிப் போடவில்லை. பொங்கலுக்கும், பேத்தியின் காதுகுத்துக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் தோளைத் திருப்பிக் காட்டுவார்.

"பாருங்க தம்பி, இன்னும் வெளிய வரலீங்க."