நடைபாதைக்கு நீண்ட குசினி

2005ஆம் ஆண்டு செவன் ஹில்ஸ் தமிழ்ச் சமூகம் ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தது: வீட்டு வாசலில் இன்னொரு வீடு சில்லுப் பூட்டி நிற்காவிட்டால் அது குடும்பமே இல்லை.

எங்கள் எதிர்வீட்டு மருந்தாளர் மகேந்திரராஜா அண்ணரும் அப்படியொரு மோட்டர்ஹோம் வாங்கினார். சுவிட்சை அழுத்தினால் அதன் சமையல் குசினி, மேசை லாச்சி மாதிரி மூன்றடி வெளியே நீளும். வெள்ளிக்கிழமை காலை, தெருவே பார்க்க, அழுத்தினார். குசினி கம்பீரமாக நடைபாதைக்கு மேலே நீண்டது. திரும்ப அழுத்தினார். வலப்பக்கம் ஒரு சாண் உள்ளே வந்தது. இடப்பக்கம் அசையவில்லை. குசினி கோணலாக இறுகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்ண் கேரம் டவுன்ஸ் கோயிலில் அவர்களுடைய இருபத்தைந்தாவது கலியாண நாள் பூசை. இந்த வண்டியில்தான் போவதாக ஏற்பாடு.

"கீழ ஏதோ தடக்குது. ஒருக்காக் குனிஞ்சு பாருங்கோவன்" என்றார் மனைவி இராஜேஸ்வரி அக்கா.

அண்ணர் குனிவதற்குள் நகரசபை அதிகாரி வெங்கட்ராமன் அளவு நாடாவோடு வந்துவிட்டார்.

"சார், இது வண்டியா, வீடா?"

"வாகனம்தான், தம்பி."

"வண்டின்னா இவ்வளவு அகலமா ஓட்டக் கூடாது."

"ஓடேல்லையே, நிக்குதுதானே."

"நகராம நிக்கிற சமையலறை சட்டப்படி கட்டடம். அனுமதி இல்லாம கட்டியிருக்கீங்க."

"அப்ப உள்ள தள்ளிவிடுறன்."

"அனுமதி இல்லாம இடிச்சதாயிடும் சார். முதல்ல கட்டினதுக்கு அனுமதி வாங்குங்க. அப்புறம் இடிக்க அனுமதி கேக்கலாம்."

நியாயமாகத்தான் பட்டது. இருவரும் மேற்படி கட்டடத்துக்குள் அமர்ந்து, தேத்தண்ணி குடித்தபடி, படிவம் நிரப்பினார்கள். அத்திவாரம்: நாலு ரயர். செங்கல்: இல்லை. செங்கல் இல்லாதபடியால் செங்கல் பிரிவின் பரிசீலனை தேவைப்படவில்லை. வெங்கட்ராமன் அங்கேயே கையெழுத்திட்டார்.

அதற்கிடையில் அக்கா டோர்ச்சோடு வண்டிக்குக் கீழே புகுந்தார். குசினி ஓடும் இடப்பக்கத் தண்டவாளத்தில் தேங்காய் துருவும் திருவலை ஒன்று செருகிக் கிடந்தது. குறடால் இழுத்தெடுத்தார். குசினியைக் கையால் நகர்த்தும் கைப்பிடியைப் பூட்டிச் சுற்றி, இடப்பக்கத்தை வலப்பக்கத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். பிறகு உள்ளே ஏறி, "கை காலைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சுவிட்சை அழுத்தினார். குசினியும் அண்ணரும் நகரசபையும் ஒன்றாக உள்ளே வந்தன.

"மேடம்! இப்பத்தான் அனுமதி குடுத்தேன்!"

"சந்தோசம் தம்பி. கட்டடம் மெல்பேர்ணுக்குப் போகுது. இறங்குறீங்களா, வாறீங்களா?"

வெங்கட்ராமன் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு இறங்கினார். பூசை சிறப்பாக நடந்தது.

ஆனால் அந்த அனுமதிப் பத்திரத்தின் பிரதி எங்கள் தெருவில் கைமாறியது. செங்கல் குசினிக்கு மூன்று வருசமாக அனுமதி கிடைக்காத பதினொரு குடும்பங்கள் அடுத்த மாதமே மோட்டர்ஹோம் வாங்கின. நானும் ஒன்று வாங்கினேன். எல்லாம் வாசலில் சட்டப்படி நீண்டு நிற்கின்றன.

நடைபாதையில் இப்போது நடக்க இடமில்லை. பொதுமக்கள் எங்கள் குசினிகளுக்குள்ளால் போகலாம் என்று நகரசபை அறிவித்திருக்கிறது. தயவுசெய்து செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவும்.