இரண்டு கண்ணிலும் ஆராய்ச்சி

முயலுக்குப் பேச வந்திருந்தால், வல்லத்துச் சம்பந்திகள் முன்னால் நான் எழுதப் படிக்கத் தெரியாதவனாக நின்றிருக்க மாட்டேன்.

எண்பதுகளில் சென்னையில் மருந்தியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் பாதி கன்னத்தில் வழிந்துவிடும்; திரும்பத் திரும்ப விட வேண்டும். அதற்குப் பதிலாக மருந்தைப் பாலிமரில் கலந்து, மெல்லிய தாளாகக் காயவைத்து, அரிசியளவு வெட்டிக் கீழிமைக்குள் வைத்தால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதுதான் என் ஆராய்ச்சி. இரண்டு வகைத் தாள் செய்து முயல்களுக்கு வைத்துப் பார்த்தாகிவிட்டது. ஆனால் எது உறுத்துகிறது, எது உறுத்தவில்லை என்று முயல் சொல்லாதே. (பேராசிரியரைக் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்பார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.)

தங்கை செல்வியின் நிச்சயதார்த்தத்துக்குச் செஞ்சி வந்தவன், அன்று காலையில் கண்ணாடி முன் நின்று வலக்கண்ணில் ஒரு வகை, இடக்கண்ணில் இன்னொரு வகை வைத்துக்கொண்டேன். உறுத்தவே இல்லை. பெருமை தாங்கவில்லை. கலந்திருந்தது கண்ணின் பாப்பாவை விரியவைக்கும் மருந்து. கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

வல்லத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கல்யாண நாள் குறித்துப் பத்திரிகை எழுதினார்கள். அதை ஒருவர் சபையில் படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவன் இவன்தான் என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டு, நைனா பத்திரிகையை என் கையில் கொடுத்தார்.

மருந்து வேலையைக் காட்டியிருந்தது. ஜன்னல் வழியே தூரத்து ராஜகிரிக் கோட்டை உச்சி தெரிந்தது. கையிலிருந்த எழுத்து தெரியவில்லை. பத்திரிகையைத் தள்ளிப் பிடித்தேன். கையின் நீளம் போதவில்லை. "நிகழும்" என்று குத்துமதிப்பாக ஆரம்பித்து (எல்லாப் பத்திரிகையும் அப்படித்தானே ஆரம்பிக்கும்) அங்கேயே நின்றுவிட்டேன்.

"இன்னாடா, படி" என்றார் நைனா.

அந்த நேரம் பார்த்து வலக்கண் தாள் நழுவிக் கன்னத்தில் இறங்கியது.

"புள்ளைக்குக் கண்ணுல தோலு உரியுது" என்றார் மாப்பிள்ளையின் அத்தை. "பொண்ணுக்கும் இது இருக்குதா?"

பக்கத்தில் நின்ற நைனாவின் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் எழுந்து வந்து, என் கன்னத்தில் ஒட்டியிருந்த தாளைத் தன் விரல் நுனியில் வாங்கிப் பார்த்தார். அவருக்குக் கண்ணில் அழுத்த நோயாம்.

"நான் ஒரு நாளைக்கு நாலு வாட்டி சொட்டு வுடறேன். இது ஒருவாட்டி வெச்சா போதுமா?"

அவ்வளவுதான், இடம் பொருள் மறந்துவிட்டது. இது வேறு மருந்து, ஆனால் உங்கள் மருந்தையும் இப்படிச் செய்யலாம், இடக்கண் தாள் இன்னும் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள் என்று இமையை இழுத்துக் காட்டினேன். அந்த அம்மாவும் குனிந்து பார்த்தார். பின்னால் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அறைக்குள்ளிருந்து செல்வி பட்டுப்புடவையோடு வந்து, என் கையிலிருந்த பத்திரிகையைப் பிடுங்கினாள்.

"அண்ணனுக்குக் கண்ணு தெரியறதுக்குள்ள சோறு ஆறிப்பூடும்" என்று சொல்லிவிட்டு, தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே தடுமாறாமல் கடைசி வரி வரை படித்தாள். மாப்பிள்ளை சிரித்தாராம். எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும்.

அதிலிருந்து எங்கள் வீட்டு நிச்சயதார்த்தங்களில் பெண்தான் பத்திரிகை படிக்கிறாள். என் மகளும் படித்தாள். புதுச் சம்பந்தி வியந்துபோய், இது என்ன வழக்கம் என்று கேட்டார்.

"பரம்பரை பரம்பரையா எங்க வழக்கமே இதாங்க" என்றார் செல்வியின் வீட்டுக்காரர், என் பக்கம் திரும்பாமலே.