பூப்போல ஒரு மிதி

"நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர்.

பொய் இல்லை, வண்டி நின்றுதான் விட்டது. ஆனால் அந்தப் பெருமை பிரேக்கைச் சேராது. வாசலில் இருந்த பூந்தொட்டிகளும் அவற்றின் பின்னால் இருந்த சுவரும் சேர்ந்து நிறுத்திய வண்டி அது.

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். கடைசியில்தான் புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, அடி கிடி பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. வண்டிக்குத்தான் பம்பர்ல லேசா..."

"வண்டியை யாரு கேட்டா?"

தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். மெல்லிய ஃப்ரேமையும் கண்ணாடிச் சில்லையும் தொட்டுத் தொட்டு, எதையுமே பூப்போல தொடுவது அவருக்குப் பழகிவிட்டது. அவர் அழுத்தினால் காலிங் பெல் அடிக்காது. அவர் சாத்திய பீரோவை யாராவது போய் மறுபடி சாத்த வேண்டும். இப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்ததோ எட்டு சிலிண்டர் எஞ்சினோடு ஐம்பது வயதான ஒரு ராட்சச வண்டி. ஆக்சிலேட்டர் மேல் செருப்பின் நிழல் விழுந்தாலே பாயும். அதன் மேல் அவருக்கு உயிர்.

"இதோ பாருங்க," என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை பழைய வண்டி ஊர்வலம் இருக்குல்ல? அதுக்கு முன்னாடி பிரேக் டெஸ்ட் வெக்கறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அதுல பாஸ் ஆனா வண்டி இங்க இருக்கட்டும். ஆகலேன்னா சாவி எதிர்வீட்டுப் பல் டாக்டருக்கு. அவரும் எத்தனை நாளா கேக்கறார்!"

கண்ணாடிக்காரர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தப் பல் டாக்டர் வண்டி கைக்கு வந்ததும் பளீரென்று மஞ்சள் பெயிண்ட் அடிக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். டிரைவிங் ஸ்கூல் வண்டி ஒன்றின் அடியிலிருந்து மெக்கானிக் ஊர்ந்து வெளியே வந்தார்.

"சார், போன வாரம்தானே பிரேக் ஷூ மாத்துனேன்? ஆயில் மாத்துனேன், ரப்பர் ஹோஸ் மாத்துனேன். இன்னும் மாத்த என்ன இருக்கு?"

"பெடல் கல்லு மாதிரி இருக்குப்பா. மிதிச்சா நிக்கல."

"பழைய வண்டி சார். இந்தக் காலத்து வண்டியில பூஸ்டர் இருக்கும், தொட்டா நிக்கும். இதுல உங்க கால்தான் பூஸ்டர். முன்னாடியே யோசிச்சு, ஏறி மிதிக்கணும்."

"ஏறித்தான் மிதிக்கிறேன்!"

மெக்கானிக் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, தானே வண்டியை எடுத்துத் தெருக்கோடி வரை பறந்து போய், திரும்பி வந்து, சடாரென்று நிறுத்திக் காட்டினார். கண்ணாடிக்காரரின் நெற்றி டேஷ்போர்டில் முத்தம் கொடுத்தது.

"நின்னுச்சா?"

"நல்லாவே நின்னுச்சு," என்று நெற்றியைத் தடவிக்கொண்டே சாவியை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் முனிசிபாலிட்டிக் குப்பைத்தொட்டி ஒன்று அநியாயமாகக் கவிழ்ந்தது.

அன்று சாயங்காலம் மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் லென்ஸ் துடைக்கும் மெத்தென்ற துணியால் பம்பரின் நசுங்கலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தால் நசுங்கல் போகுமா? போகாது என்று அவருக்கும் தெரியும். அவளுக்கு ஐயோ பாவம் என்றிருந்தது. கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டோமே, இந்த மனுஷன் வேறு எதற்காகவாவது இப்படி ஆசைப்பட்டிருக்கிறாரா என்று மனசு இளகிவிட்டது.

"ஏங்க, நாளைக்கு நீங்க கடைக்கு நடந்தே போங்க. ஒரே குப்பை நாத்தம். வண்டியைக் கழுவச் சொல்லி மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கேன்."

வண்டி கழுவிப் பளபளவென்று வந்தது. அதற்கு மறுநாள் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது, "நானும் வரேன்," என்று மனைவி பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். பிரயாணப் பை அளவுக்கு ஒரு கைப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டாள். அவர் வண்டி ஓட்டினால் அவள் தரையில் காலை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. கண்ணாடிக்காரர் சாமியை வேண்டிக்கொண்டு பெடலில் காலை வைத்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போய்க் கோட்டுக்கு முன்னால் அம்சமாக நின்றது.

"பாத்தியா! பாத்தியாம்மா! காலை வெச்சேன், அவ்வளவுதான். பெடல் தானா உள்ள போகுது!"

"ஆமாங்க. நல்லா இருக்கு," என்றாள் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

வழி நெடுக நின்றது. மாட்டுக்கு நின்றது, சைக்கிளுக்கு நின்றது, அவர் நினைப்பதற்கு முன்னாலேயே ஒரு பள்ளத்துக்கு நின்றது. வண்டிக்கு மனசு இருக்கிறது என்று அவர் அன்றைக்கு முடிவே கட்டிவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த நாள் தனியாக எடுத்தார். பல் டாக்டரின் புது கேட் உள்ளே போய்விட்டது.

"பரவால்ல, பரவால்ல," என்றார் பல் டாக்டர். மஞ்சள் நிறம் அவர் கண்ணிலேயே தெரிந்தது.

கண்ணாடிக்காரர் யோசித்தார். மனைவி இருந்தால் நிற்கிறது, இல்லாவிட்டால் நிற்கவில்லை. அப்படியென்றால்? எடை! பக்கத்து சீட்டில் பாரம் இருந்தால்தான் டயர் தரையைப் பிடிக்கிறது.

"ஏம்மா, உன் எடை என்ன?"

"எதுக்கு?"

"அந்த அளவுக்கு மணல் மூட்டை வாங்கணும்."

அன்று ராத்திரி அவருக்குப் பழைய சோறுதான்.

எடையை அவராகவே ஒரு குத்துமதிப்பாகப் போட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து மூட்டைகளைச் சீட்டில் ஏற்றினார். கைப்பை காலடியிலேயே கிடந்தது. அதை நகர்த்தும் தைரியம் எந்தப் புருஷனுக்கு உண்டு? பாரம் கூடியதும் வண்டி வழக்கத்தைவிட இன்னும் தூரம் ஓடிப் பூங்கா வேலியில் போய் முட்டியது. மூட்டை வெடித்து, இடுப்பு வரை மணலோடு வீடு வந்து சேர்ந்தார்.

"மணல் செத்த பாரம். உயிருள்ள ஆள் வேணும்," என்று அடுத்து மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் பருத்த உடம்பு, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். ஏறியதும் சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டான்.

"காலைத் தொங்கப் போட்டு உக்காரேன் மச்சான்."

"கீழ அக்கா பை இருக்கு மாமா. மிதிச்சா யாரு திட்டு வாங்கறது? நீங்க ஓட்டுங்க."

ஓட்டினார். சலவைக்காரர் காயப் போட்டிருந்த படுக்கை விரிப்புகளுக்குள் புகுந்து, கண்ணாடியெல்லாம் வெள்ளையாகி, வண்டி எங்கே நின்றது என்பதே கொஞ்ச நேரம் இருவருக்கும் தெரியவில்லை.

"மாமா, நாம செத்துட்டோமா?" என்று கேட்டான் மச்சான். சம்மணத்தை மட்டும் கலைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் ஒரே பிடியாக இருந்தார். "காரணம் எனக்கு வேண்டாம். நீ பக்கத்துல உக்காரு, போதும். உன் ராசி அப்படி."

மைதானத்தில் ஒரு சரிவு. சரிவின் அடியில் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு அப்பால் விழாத் தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பல் டாக்டரும் கூட்டத்தில் நின்றிருந்தார். கையில் பெயிண்ட் கடைக்காரர் கொடுத்த வண்ண அட்டை.

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார். "அம்மா, இறங்கிடுங்க. டெஸ்ட்டுக்கு நான்தான் பக்கத்துல உக்காருவேன்."

கண்ணாடிக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், இவங்க ஒரு ஓரமா..."

"ரூல்ஸ் சார்."

மனைவி இறங்கினாள். குனிந்து கைப்பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "சார், காலடியில கொஞ்சம் பாத்து உக்காருங்க," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். இன்ஸ்பெக்டர் கீழே பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், ஏறிக்கொண்டார். ஷூ அழுக்காகிவிடும் என்று சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார் கண்ணாடிக்காரர்.

வண்டி சரிவில் இறங்கியது. எட்டு சிலிண்டரும் உறுமின. வெள்ளைக் கோடு ஓடி வந்தது. தலைவரின் டீ டம்ளர் ஓடி வந்தது. "போச்சு, மஞ்சள்தான்!" என்று முனகியபடி கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பெடலில் காலை வைத்தார்.

பெடல் தானாக உள்ளே போனது.

கண்ணைத் திறந்தால், முன்சக்கரம் கோட்டை உரசிக்கொண்டு நின்றிருந்தது. தலைவர் டீயில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கூட்டம் கை தட்டியது. பல் டாக்டர் வண்ண அட்டையை மடித்துப் பைக்குள் போட்டார். கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி எங்கே என்று தேடினார். சரிவின் மேலே பையை அணைத்தபடி அவளும் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா சார்!" என்று இன்ஸ்பெக்டரின் தொடையில் தட்டினார். "சும்மா பூ மாதிரிதான் தொட்டேன். எப்படி நம்ம பிரேக்?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் நெற்றி வேர்வையைத் துடைத்தார். அவர் வலது கால் இன்னும் தரையோடு விறைத்து அழுந்தியிருந்தது.

"பிரேக்குக்கு ஒரு குறையும் இல்ல, பாஸ் போட்டுடறேன் சார்," என்றார். "ஆனா உங்க மெக்கானிக் இந்தப் பக்கமும் ஒரு பெடல் வெச்சுக் குடுத்திருக்காரு பாருங்க, அதை மிதிக்கறதுக்கு உங்க சம்சாரம் இல்லாம இனிமே வண்டியை வெளிய எடுக்காதீங்க."