ஐந்நூறு வாட்ஸ் திருடன்

"எல்லாத்தையும் அணைச்சாச்சா?"

"ஃபிரிட்ஜைக்கூட அணைச்சாச்சுங்க! பால் திரிஞ்சா நீங்கதான் பொறுப்பு!" என்று அடுப்படியிலிருந்து மனைவி கத்தினாள்.

மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டியின் முன்னால் குத்தவைத்திருந்தார் போட்டோகிராபர். பட்டப்பகலிலும் கும்மிருட்டான இடம். கரண்ட் பில் எகிறியதால், ஸ்டூடியோவின் பெரிய விளக்கைக் கொண்டுவந்துதான் ஒரு வாரமாக அங்கே காவல் காக்கிறார். காக்கக் காக்க, மீட்டர் முன்னைவிட வேகமாக ஓடியது. யாரோ வீம்புக்கே கரண்ட் இழுக்கிறான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றிவிட்டால் அப்புறம் அவரைப் பிடித்து நிறுத்த முடியுமா?

இரவல் வாங்கிய ஆம்பியர் மீட்டரை மெயின் ஒயரில் கவ்வவிட்டார். முள் இரண்டில் நின்றது.

"பார்த்தியா! வோல்ட்டேஜ் இருநூத்தம்பது, கரண்ட் ரெண்டு. பெருக்கினா ஐந்நூறு வாட்ஸ். வகுத்தா நூத்திருபத்தஞ்சு ஓம் ரெசிஸ்டன்ஸ். திருடன் பெரிய சாமானாத்தான் மாட்டியிருக்கான்."

அவர் கண் மேலே போனது. மாடியில் இருப்பவன் மனைவியின் தம்பி.

"என் தம்பியையா சொல்றீங்க?"

"நான் சொல்லலை. கணக்கு சொல்லுது."

குறட்டால் மாடிக்குப் போகும் ஒயரை வெட்டினார். முள் அசையவில்லை.

"ஒயரையே வெட்டியாச்சே, இனிமே அவன் எப்படித் திருடுவான்?"

"சுவத்துக்குள்ள ரகசிய ஒயர் இருக்கு!"

சுத்தியலால் சுவரைப் பெயர்த்தார். ஒயர் வரவில்லை, காரைதான் கொட்டியது. எதிர் அறையில் படுத்திருந்த மாமியார் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை, கண்ணு கூசுது..."

"கொஞ்சம் பொறுங்க அத்தை, கேஸ் முடியட்டும்."

அதற்குள் மைத்துனன் இறங்கி வந்தான். "அத்தான், மேல கரண்ட் இல்லையே?"

வந்தவன் முகத்தில் விளக்கைத் திருப்பினார். "உண்மையைச் சொல்லு. ஐந்நூறு வாட்ஸுக்கு என்னத்த ஒளிச்சு வெச்சிருக்கே?"

"என்கிட்ட ஒரு பல்பும் ஒரு ஃபேனும்தான் இருக்கு, சத்தியமா!"

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதையா?"

பையன் கண் கலங்கிவிட்டது. மேலே போய்ப் பெட்டியுடன் வந்தான். அவன் பின்னாலேயே மனைவியும் ஒரு பெட்டியுடன் வந்து நின்றாள்.

"நீ எங்கே போறே?"

"கூடப் பொறந்தவனைத் திருடன்னு சொன்ன வீட்ல எனக்கென்ன வேலை? இன்னிக்கு அவன், நாளைக்கு நான். நீங்களும் உங்க முள்ளும் குடும்பம் நடத்துங்க."

 அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் கணக்கை எப்படி விட்டுக்கொடுப்பது?

"போறதுன்னா போ. ஒரே ஒரு தடவை வந்து இதைப் பார்த்துட்டுப் போ!" விளக்கை இடுக்கிக்கொண்டு முள்ளைக் காட்டினார். "வீட்ல ஒண்ணும் எரியலை, ஒண்ணும் சுத்தலை. அப்புறம் இந்த ரெண்டு ஆம்பியர் எங்கேதான் போகுது?"

 மாமியார் முந்தானையால் முகத்தை மறைத்தபடி அலுத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் அணைச்சாச்சுன்னு காலையிலேர்ந்து கத்தறீங்களே மாப்பிள்ளை, கையில பிடிச்சிருக்கற அந்த விளக்கையும் அணைச்சுத் தொலைங்களேன்!"