எலுமிச்சம்பழத்தால் புரோட்டானை அளந்த கதை

தொழிலில் ஜெயித்தவனுக்கு ஒரு வியாதி வரும். தனக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே இல்லை என்று தோன்றும். எனக்கு அது கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டது. (வராமல் எப்படி இருக்கும்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, பிளவக்கல் பக்கத்துத் தோப்புகளில் கூடை தூக்கி, இன்றைக்கு ராஜபாளையத்தில் சொந்த மாம்பழ மண்டி. என் படம் போட்ட காலண்டர் வத்திராயிருப்பு வரைக்கும் தொங்குகிறது.)

தோப்பு பூத்திருக்கும்போதே ஒரு சுற்று வந்து, இவ்வளவு காய்க்கும் என்று சொல்லி விலை பேசிவிடுவேன். ‘முன்னப்பின்ன’ என்ற சொல் என் வாயில் வந்ததே கிடையாது. (சொன்னதைவிடக் குறைவாகக் காய்த்தால் அது மரத்தின் தப்பு.)

இப்பேர்ப்பட்டவனுக்குப் பிறந்த ஒரே மகள் சுபா, இயற்பியல் படித்து, அதற்கு மேலும் படித்து, புரோட்டானுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்ய உட்கார்ந்துவிட்டாள். ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டேன். பொறுமையாகத்தான் சொன்னாள். அணுவின் நடுவே இருப்பது புரோட்டான். அதற்குள் மூன்று குவார்க் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நெருங்கிப் பார்த்தால் உள்ளே சந்தைக்கடைதான். துகள்கள் தோன்றுவதும் மறைவதுமாக ஓயாத நடமாட்டம். கத்தியால் அறுத்துப் பார்க்க வழியில்லை. எலக்ட்ரானை அசுர வேகத்தில் எறிந்து, அது எப்படித் தெறிக்கிறது என்பதை வைத்து உள்ளே இருப்பதைக் கணக்கிட வேண்டும்.

கம்ப்யூட்டரில் ஒரு படமும் காட்டினாள். வளைந்த கோடு ஒன்று. அதன் இரண்டு பக்கமும் வேட்டிக் கரை மாதிரி அகலமாக நீலப் பட்டை.

“இந்தக் கரை எதுக்கு தாயி?”

“உண்மை இந்தப் பட்டைக்குள்ளதான் எங்கயோ இருக்குப்பா. அதோட அகலத்தைக் குறைக்கதுதான் என் வேலை.”

எனக்கு வருத்தமாகிவிட்டது. இவ்வளவு படித்த பிள்ளைக்கு மெல்லிசாக ஒரு கோடு போட வரவில்லையே.

இந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகன் கணேசன் ஜாதகம் வந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகும் ஆராய்ச்சி தொடரும் என்று சுபா சொன்னதற்குப் பையன் சரியென்றுவிட்டான். அவன் அப்பாதான் இழுத்தார். மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்று நாலு பேர் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும், விளங்கினால் பூ வைப்போம், விளங்காவிட்டால் படிப்பை நிறுத்தட்டும் என்றார். தானே விளக்கிக்கொள்வதாகச் சொன்ன சுபா, என்னிடம் மட்டும் தனியாக ஒரு வேண்டுகோள் வைத்தாள். “நீங்க மாம்பழம் மட்டும் குடுங்கப்பா. வாயைத் தொறக்காண்டாம்.”

சித்திரை வெயிலில், பையனின் தாத்தா முதற்கொண்டு எல்லாரும் வேன் வைத்து வந்தார்கள். சாப்பாடு பலம். கை கழுவியதும் பையனின் அப்பா சோபாவில் சாய்ந்து, “அந்த வேலையைப் பத்திச் சொல்லச் சொல்லுங்க” என்றார். சுபா அடுக்களையில் இருந்தாள். செத்த நேரம் பொறுங்கள் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

“வாங்க சம்பந்தி, நானே காட்டுதேன்” என்றேன். தாம்பாளத்தில் இருந்த எலுமிச்சம்பழங்களை அள்ளிக்கொண்டு, வீட்டை ஒட்டிய கிட்டங்கிக்குக் கூட்டிப்போனேன். அங்கே வைக்கோலில் பழுக்கப் போட்ட மாம்பழக் குவியல்கள், சாக்குப் போர்த்தி வரிசையாக இருந்தன. எலுமிச்சைதான் எலக்ட்ரான், குவியல்தான் புரோட்டான், திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்வேன் என்று அறிவித்து, மூலையில் இருந்த பெரிய குவியலைக் குறிபார்த்தேன்.

முதல் எலுமிச்சை டொக்கென்று தெறித்தது. கொட்டை பெரிது என்று குறித்துக்கொண்டேன். அடுத்தது மெத்தென்று அமுங்கியது. சதை தளர்ந்துவிட்டது. குனிந்து மோந்தேன். லேசாகப் புகையிலை வாடை. (மாம்பழத்தில் அந்த வாடை வராது. கணக்குக்கு ஒத்துவராததால் விட்டுவிட்டேன்.) குவியல் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. கணேசன் அதைக் கவனித்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். உள்ளே ஓயாத நடமாட்டம் இருக்கும் என்று என் மகளே சொல்லியிருக்கிறாள் என்று அவனை அடக்கினேன்.

பிறகு தீர்ப்புச் சொன்னேன்.

“இது சப்பட்டை ரகம். பழுத்துத் தொளதொளத்துப் போச்சு. காம்புப் பக்கம் அழுகலும் விழுந்தாச்சு. நாளைக்குத் தாங்காது. இன்னைக்கே அப்புறப்படுத்திரணும்.”

“முன்னப்பின்ன இருக்காதா?” என்றார் பையனின் அப்பா.

“நான் சொன்னா சொன்னதுதான்.”

குவியல் எழுந்து உட்கார்ந்தது. தலையெல்லாம் வைக்கோல், மடியில் எலுமிச்சம்பழம். பையனின் தாத்தா. சாப்பிட்ட அசதிக்குக் குளிர்ச்சியாக இடம் தேடி வந்தவர், ஈத் தொல்லைக்குச் சாக்கை இழுத்துப் போர்த்திப் படுத்திருக்கிறார்.

“ஏய்யா,” என்றார் என்னைப் பார்த்து, “யாரு நாளைக்குத் தாங்காது?”

பையனின் அப்பா முகம் அவர் கடைச் செம்புப் பானை நிறத்துக்கு வந்தது. எங்கப்பாவையா அப்புறப்படுத்தணும் என்று கேட்டுக்கொண்டே டிரைவரைக் கூப்பிட்டு வேனைக் கிட்டங்கி வாசலுக்கே வரவழைத்தார். கணேசன் நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றான். சத்தம் கேட்டு சுபாவும் என் மனைவியும் ஓடிவந்தார்கள். (மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தச் சூரியகாந்திக் காடும் கருகியிருக்கும்.)

சுபா முதலில் தாத்தாவிடம் போய் அடி எங்கே என்று பார்த்தாள். தலையில் இருந்த வைக்கோலை எடுத்துவிட்டாள். பிறகு பையனின் அப்பாவிடம் திரும்பினாள்.

“மாமா, என் வேலை என்னன்னு கேட்டிய. அப்பா செஞ்சது பாதி வேலை. எறிஞ்சு பாத்து உள்ள இருக்கதைச் சொல்லுதது. அவிய செய்யாத மீதிதான் முக்கியம். நாம சொல்லுதது எம்புட்டுத் தப்பா இருக்கலாம்னு அதையும் அளந்து சேத்துச் சொல்லணும். அதை விட்டா இப்படித்தான் ஆகும்.”

வேனில் ஒரு கால் வைத்திருந்தவர் நின்றார். தாத்தா கேட்டார்.

“நீ எறிஞ்சிருந்தா என்னன்னு சொல்லியிருப்பே தாயி?”

“இம்புட்டு எறிஞ்சதை வச்சு ஒண்ணும் அறுதியாச் சொல்ல ஏலாது தாத்தா. நாளைக்கு வரைக்கும் இருக்கலாம், இருபது வருசமும் இருக்கலாம்னு பட்டையை அகலமாத்தான் போட்டிருப்பேன்.”

தாத்தா அந்த இருபது வருஷத்தை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றார். இனித்திருக்க வேண்டும்.

“ஏலே,” என்று மகனைக் கூப்பிட்டார். “இறங்கி வா. இந்தப் பிள்ளை படிப்பை யாரும் நிறுத்தக் கூடாது. இவ கணக்குதான் எனக்குத் தோதா இருக்கு.”

அன்றைக்கே பூ வைத்தார்கள். கல்யாணமும் ஆயிற்று. சுபாவின் நீலப் பட்டை இப்போது கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறதாம். எனக்குத்தான் விடுதலை கிடைக்கவில்லை. தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் வரும். “இன்னைக்கும் தாங்கிட்டேன்” என்பார் தாத்தா. வைத்துவிடுவார்.

போன மாதம் ஒருநாள் அந்தப் போன் வரவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, மனைவியையும் இழுத்துக்கொண்டு, காரில் பறந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். போனில் சார்ஜ் இல்லையாம்.

என் கோலத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, கணேசனின் அம்மாவிடம் சொன்னார்: “நம்ம சம்பந்திக்கு ஒரு காபி கொண்டா. ரொம்பத் தளர்ந்து போயிருக்கார். தாங்குவாரான்னு தெரியல.”