தீவகத்தில் ஓர் இத்தாலியத் திருப்புமுனை

மனிதர் பாடத் தொடங்கியது இசை வரலாற்றின் முதலாவது சாதனை. பாடுவதை நிறுத்தியது இரண்டாவது. இந்த இரண்டாவது சாதனை இத்தாலியில் எழுபதுகளிலும், புங்குடுதீவில் கடந்த வைகாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கும் நிகழ்ந்தது. முன்னதைப் பற்றி அறிஞர்கள் எழுதியிருக்கக்கூடும். பின்னதற்கு நான் சாட்சி. கூட்ட அறிக்கையும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

எங்கள் "நெய்தல்நாதம்" இசைக்குழுவில் நான்கு பேர். தலைவரும் கீபோட் வாசிப்பவருமான தியாகலிங்கம் அண்ணை. கிற்றார் நிலக்ஷன். றம்ஸ் அடிப்பது தனுஜன். பதினொரு வருடங்களாகப் பாடுகிறவள் நான். செயலாளர் பதவியும் எனக்கே தரப்பட்டிருந்தது. என் எழுத்து வடிவானது என்பது ஒரு காரணம். கூட்டத்துக்குத் தேத்தண்ணீர் ஊற்றுகிறவர் எப்படியும் அறையில் நிற்கவேண்டும் என்பது மற்றது.

எங்கள் சுவரொட்டிகள் மிகவும் நேர்த்தியானவை. "தியாகலிங்கம் வழங்கும் நெய்தல்நாதம்" என்று மேலே பெரிய எழுத்து. அதன் கீழே நிலக்ஷன், தனுஜன். அதற்கும் கீழே, ஒலிபெருக்கிக்காரரின் தொலைபேசி இலக்கத்துக்குச் சற்று மேலே, "மற்றும் பாடகி". சித்திரைக் கடைசியில், அந்த இடத்தில் என் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். மறுத்தால், பகிடிக்குக் கேட்டதாகச் சொல்லி வீட்டுக்குப் போகலாம் அல்லவா?

"அடுத்த கூட்டத்தில கதைப்பம், பிள்ளை" என்றார் தியாகலிங்கம் அண்ணை.

அடுத்த கூட்டத்துக்குள் இத்தாலி வந்துவிட்டது.

இத்தாலி, மிதுஷனின் உருவில் வந்தது. மிதுஷன் தியாகலிங்கம் அண்ணையின் தமக்கையின் மகன். பலெர்மோவில் ஓர் உணவகத்தில் வேலை. விடுமுறைக்கு வந்தவர் சொக்கிலேற்றோடு ஒரு பழைய இசைத்தட்டையும் கொண்டுவந்தார். உடனடியாக எங்கள் "சர்வதேச ஆலோசகர்" ஆனார்.

வாசிகசாலையின் பின்னறையில் கூட்டம் கூடியது. இசைத்தட்டைப் போட்டுப் பார்க்க ஊரில் கருவி இல்லாததால், அதன் உறை கைக்குக் கை மாறி மரியாதையுடன் பார்க்கப்பட்டது.

"இவை ஒரு றொக் குழு, மாமா" என்றார் மிதுஷன். "முதல் ரெண்டு தட்டிலயும் பாட்டு இருந்தது. மூண்டாவதில பாட்டை நிப்பாட்டிப்போட்டு, ஜாஸைக் கலந்து வாத்தியம் மட்டும் வாசிச்சவை. பியூஷன். அதுக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பாத்தது."

"ஏன் பாட்டை நிப்பாட்டினவை?" என்று கேட்டேன்.

"சொல்லு இருந்தா சனம் சொல்லைத்தான் கேக்கும், அக்கா. இசையைக் கேக்காது."

"அப்ப பாடினவருக்கு என்ன நடந்தது?"

"ஆர்?"

"முதல் ரெண்டிலயும் பாடினவர்."

மிதுஷன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிற்றார்காரரின் பெயர் இருந்தது. றம்ஸ்காரரின் பெயர் இருந்தது. படம் எடுத்தவரின் பெயர்கூட இருந்தது.

"அவற்ற பேர் இதில இல்லை" என்றார்.

நிகழ்ச்சி நிரலில் மூன்றாம் விடயம், சுவரொட்டியில் பாடகியின் பெயர். நான்காம் விடயம், முழு வாத்திய இசைக்கு மாறுதல். இத்தாலியின் அவசரம் கருதி நான்காவது முதலில் எடுக்கப்பட்டது.

"நாலாவது நிறைவேறினா மூண்டாவது தன்ரபாட்டில தீந்திடும்" என்றார் தியாகலிங்கம் அண்ணை. இப்படிப்பட்ட நிர்வாகத் திறமை எங்கள் பிரதேசத்தில் அரிது.

"இசையின் வளர்ச்சிக்குக் குரல் தடையாக உள்ளமையால் அதனை நீக்குதல்" என்று பிரேரணை வந்தது. மூன்று கைகள் உயர்ந்தன. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வலக்கையில் பேனை இருந்தது. இடக்கையை உயர்த்தினேன்.

ஏன் உயர்த்தினேன் என்று பல நாட்கள் யோசித்திருக்கிறேன். எதிர்த்தால் "தனக்காகக் கதைக்கிறா" என்பார்கள் என்ற பயம். தனக்காகக் கதைப்பதில் என்ன பிழை என்ற கேள்வி வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகுதான் வந்தது. என் கேள்விகள் எப்போதும் என்னைவிட ஒரு பஸ் பிந்தியே வருகின்றன. "ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதினேன். எழுத்து வழமைபோல வடிவாக வந்தது.

"நீர் விலகத் தேவையில்லை, பிள்ளை" என்று தியாகலிங்கம் அண்ணை பெருந்தன்மையுடன் சொன்னார். "அறிவிப்பாளரா இரும். வாத்திய இசைக்கு விளக்கம் குடுக்க ஆள் வேணும்."

சொற்கள் இசைக்குத் தடை. ஆனால் சொல்லாமல் விட்டால் அது இசை என்று சனத்துக்குத் தெரியாது. இந்த நுட்பத்தை இத்தாலியர்களே கண்டிருப்பார்களோ என்னவோ.

ஆனி மாதம் நயினாதீவில் திருவிழா. பிற்பகல் நான்கு மணிக்கு எங்கள் நிகழ்ச்சி. நான் மைக்கில் முதல் உருப்படியை அறிவித்தேன்: "கஜமுகம், ஓர் உள்நோக்கிய பயணம், பகுதி ஒன்று." பிள்ளையார் பாட்டின் மெட்டுத்தான். ஆனால் பிள்ளையாரே வந்து கேட்டாலும் தன்னுடையது என்று சொல்லமாட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளையார் பாட்டுப் பாடும்வரை நிகழ்ச்சி தொடங்கியதாக யாரும் கணக்கெடுப்பதில்லை. அதற்கு முன் மேடையில் என்ன சத்தம் வந்தாலும் அது கருவிகளைச் சரிபார்க்கும் சத்தம். எனவே சனம் பொறுமையாக இருந்தது. கச்சான் கடலை உடைத்தது. ஊர்ப் புதினம் கதைத்தது. ஐந்து மணிக்குப் "பகுதி மூன்று" நடந்துகொண்டிருந்தபோது, முன்வரிசையில் பெரிய கைப்பையோடு இருந்த ஓர் அம்மா எழுந்துவந்து என்னிடம் எழுதிய ஒரு கடதாசித் துண்டை நீட்டினார்.

"ஒரு மணித்தியாலமாக வாத்தியங்களைச் சரிபார்த்தது போதும். தயவுசெய்து நிகழ்ச்சியைத் தொடங்கவும். கடைசிப் படகு ஆறு மணிக்கு. இப்படிக்கு, மீனாம்பிகை, குறிகட்டுவான் துறைக்குப் போகும் பக்தர்கள் சார்பாக."

துண்டைத் தியாகலிங்கம் அண்ணையிடம் கொடுத்தேன். வாசித்தார். உலகம் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டதை முகத்தில் கண்டேன்.

"பிள்ளை, பிள்ளையார் பாட்டைப் பாடிவிடும்."

"ஏலாது, அண்ணை. தீர்மானம் இருக்கு."

"தீர்மானத்தை மாத்துவம்."

"செயற்குழு முழுக்க இங்கதான் நிக்குது. பிரேரியுங்கோ."

அண்ணை கையை உயர்த்தினார். நிலக்ஷன் கிற்றாரோடு உயர்த்தினான். தனுஜன் குச்சியை உயர்த்தியதும், நிகழ்ச்சி தொடங்கப்போகிறது என்று நினைத்துச் சனம் கைதட்டியது.

"அப்ப மூண்டாம் விடயமும் திரும்ப வருது" என்றேன். இம்முறை நான் சிரிக்கவில்லை. "என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. பாடுறன்."

தியாகலிங்கம் அண்ணை மைக்கை வாங்கினார். "அடுத்ததாக, உங்கள் அபிமான..." என்று தொடங்கி நின்றார். நிலக்ஷனைப் பார்த்தார். நிலக்ஷன் தனுஜனைப் பார்த்தான். தனுஜன் றம்ஸைப் பார்த்தான். பதினொரு வருடங்களாக ஒருவருக்கு நான் "பிள்ளை", மற்ற இருவருக்கும் "அக்கா". அறிக்கைகளில் நானே "செயலாளர்" என்றுதான் ஒப்பமிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

"...உங்கள் அபிமானப் பாடகி" என்று முடித்தார்.

மைக்கைத் திருப்பி வாங்கினேன். "அன்பார்ந்த பக்தர்களே, ஒலிப் பரிசோதனை இனிதே நிறைவுற்றது. உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று அறிவித்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்குதுறைக்கு நடந்தேன். அறிவிப்பாளராக என் கடமையை இதைவிடச் சரியாக நான் செய்ததில்லை.

படகில் மீனாம்பிகை அம்மா பக்கத்தில் வந்து இருந்தார்.

"நீர் அந்தக் குழுவில பாடுற பிள்ளையெல்லே? எத்தினை வருசமாக் கேக்கிறன். உம்மட பேர் என்ன?"

"கஜாலினி."

"கஜாலினி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "பிள்ளையார் பாட்டு இன்னும் பாடேல்லை, என்ன? கரை சேர முதல் பாடும்."

பாடினேன். இயந்திரச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சனம் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து இருந்தது.

நெய்தல்நாதம் இப்போது முழுமையான வாத்தியக் குழு. புதிய சுவரொட்டியில் "மற்றும் பாடகி" இருந்த இடத்தில் மிதுஷனின் பெயர் இருக்கிறது. அவர் பலெர்மோவுக்குத் திரும்பிப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அந்த இத்தாலியக் குழு ஏன் குரலைக் கைவிட்டது என்பதற்கு அறிஞர்கள் ஆழமான கலைக் காரணங்கள் பலவற்றைச் சொல்வார்கள். மறுக்கமாட்டேன். ஆனால் மூன்றாவது இசைத்தட்டுக்கு முந்திய மாதம் அந்தப் பாடகர் அவர்களிடம் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியும். அவரும் கையை உயர்த்தினாரா என்பதுதான் தெரியவில்லை.